கம்ப்யூட்டர் பொய் சொல்லாது... ஆனால்?



"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு. நாங்க ஒண்ணும் செய்ய முடியாது." இந்தப் பதிலை ஏதாவது ஒரு கவுண்ட்டரில் கேட்காதவர் நம்மில் உண்டா? சென்ற ஆண்டு என் உதவித்தொகைக்காக அலைந்த அப்பாவும் கேட்டார். அவர் பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது. ஒரு ஆவணத்தில் அதற்கு ஆங்கிலத்தில் இசட்-எச் போட்டிருந்தார்கள், இன்னொன்றில் எல். மூன்று நாள் கூலி போயிற்று. பஸ்ஸில் திரும்பும்போது, "ஏம்ப்பா, ரெண்டும் நான்தானே? அது அந்த மெஷினுக்குத் தெரியாதா?" என்றார். கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கும் எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தகவல்களை மலைபோல் குவிப்பது புதிய விஷயமல்ல. அமெரிக்காவில் 1880-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கைக் கையால் தொகுத்து முடிக்க ஏறத்தாழ 8 ஆண்டுகள் ஆயின. 1890 கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் என்பவர் துளையிட்ட அட்டைகளையும், அவற்றை எண்ணும் மின் இயந்திரத்தையும் கொண்டு வந்தார். ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் கணக்கு வேகமாக முடிந்தது. அவர் தொடங்கிய கம்பெனி வேறு சிலவற்றோடு இணைந்துதான் பின்னாளில் ஐ.பி.எம். ஆனது. அதே ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த எட்கர் காட், 1970-ல் எல்லாத் தகவலையும் அட்டவணைகளாக வைக்கும் முறையை எழுதினார். நாம் லேபில் போடும் 'டேபிள்', 'பிரைமரி கீ' எல்லாம் அந்த வழி வந்தவையே.

இரண்டு டேபிள்களைச் சேர்க்கும்போது என்ன நடக்கிறது? இரண்டிலும் ஒத்துப்போகும் வரிசைகள் மட்டும் வெளியே வரும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த வரிசை சத்தமில்லாமல் விழுந்துவிடும். 'எரர்' என்றுகூடக் காட்டாது! மேலே இருக்கும் அதிகாரி கைக்கு வருவது அழகான பட்டியல். விழுந்தவர் அதில் இல்லை; ஆகவே அப்படி ஒருவர் இருப்பதே அவருக்குத் தெரியாது. 12 இலக்க ஆதார் எண் வந்த பிறகும், பல இடங்களில் எண்ணோடு பெயரும் ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. அதிலும் நம் ஊரில் இனிஷியல்தான் வழக்கம். 'லாஸ்ட் நேம்' என்று படிவம் கேட்டால் ஒருவர் அப்பா பெயரை எழுதுவார், இன்னொருவர் இனிஷியலை எழுதுவார்.

என் கருத்து இதுதான். பதிவு செய்பவர் 'சேவ்' கொடுக்கும் முன் திரையில் உள்ளதை எதிரே நிற்பவருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். பட்டியல் எடுக்கும்போது, சேராமல் விழுந்தவர்களின் பட்டியலையும் எடுத்து ஒரு மனிதர் பார்க்க வேண்டும். "கோடிக்கணக்கான பேருக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்கலாம். படித்துக் காட்ட அரை நிமிடம் ஆகும். அதை மிச்சம் பிடித்தால் ஓர் ஏழையின் மூன்று நாள் கூலி போகிறது. எது பெரிய செலவு?

2023-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தவறான விவரத்தைத் திருத்தக் கோரும் உரிமை எழுதப்பட்டுள்ளது. நல்லதுதான். ஆனால் தவறே வராமல் பார்ப்பது அதைவிட நல்லது அல்லவா?

தோழர்களே! நாளை அந்தக் கீபோர்டின் முன் உட்காரப் போவது நம்மில் பலர்தான். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. நாம் தப்பாகச் சொன்னதை அது மறக்கவும் மறக்காது. எதிரே நிற்பவர் நம் அப்பா என்று நினைத்து அடிப்போமா?

- இரண்டாமாண்டு மாணவன்,
கம்ப்யூட்டர் பிரிவு