டர்ன்டேபிள் வால்யூமைத் தொட்டாலே அலறுதா? புது ஆம்ப் வாங்கும் முன் இதைப் பாருங்க!

வால்யூமை லேசாகத் திருப்பினாலே வீடு அதிருதா? ‘ஆம்ப் செம பவர்’ என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. சிக்னலைப் பெருக்கும் அளவு, அதாவது கெய்ன், தேவைக்கு மேல் இருக்கிறது. அவ்வளவுதான்.

மூவிங் மேக்னட் (எம்.எம்.) கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். அதற்கு 40 டெசிபல் கெய்ன் போதும். மூவிங் காயில் (எம்.சி.) பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கே தரும், அதற்கு 60 டெசிபல் வரை வேண்டும். எம்.எம். மாட்டிவிட்டு ஸ்விட்ச்சை எம்.சி.யில் விட்டால் சிக்னல் 10 மடங்கு எகிறும், ஒலி சிதையும். டர்ன்டேபிளின் உள் ப்ரீஆம்ப்பை ஆன் செய்துவிட்டு, ஆம்ப்பின் ‘போனோ’ சாக்கெட்டில் செருகினாலும் இதே கதைதான். அங்கே சிதைந்த ஒலியை வால்யூம் குமிழ் குறைக்கும், சரிசெய்யாது.

ஒலி சுத்தம், சத்தம் மட்டும்தான் அதிகமா? குமிழின் தொடக்கத்திலேயே வைத்துக் கேட்பதும் தீர்வல்ல. பல குமிழ்களில் அந்த இடத்தில் இடது, வலது ஒலி சமமாக இருக்காது. ப்ரீஆம்ப்பில் கெய்னைக் குறைக்கலாம். அந்த வசதி இல்லையென்றால், ப்ரீஆம்ப்புக்கும் ஆம்ப்புக்கும் நடுவே 10 டெசிபல் அட்டென்யூவேட்டர் போடலாம். கார்ட்ரிட்ஜ் பக்கம் மட்டும் வேண்டாம்.

ஸ்விட்ச்சைப் பார்க்கக் காசு கேட்பதில்லை. பர்ஸை அப்புறம் திறக்கலாம்.