கணிப்பொறியைச் செப்பனிடுதலும் அழித்தெழுதுதலும்

பள்ளியிலோ களப்பணி அலுவலகத்திலோ உள்ள கணிப்பொறி ஒருநாள் காலையில் தொடங்க மறுக்கிறது. இன்றியமையாத கோப்பொன்று காணப்படவில்லை அல்லது பழுதுற்றிருக்கிறது என்ற அறிவிப்பு மட்டும் திரையில் தோன்றுகிறது. உடனே பலரும் கூறும் பரிகாரம், ‘பார்மட் செய்துவிடலாம்’ என்பதே. எளிதாகத் தோன்றும் இம்முறை பெரும்பாலும் தேவையற்றது. சில வேளைகளில் பெருங்கேடு விளைப்பது. ஒரு கோப்பின் பழுதுக்காகப் பல ஆண்டுகளின் மதிப்பெண் பட்டியல்களையும் மண் ஆய்வுக் குறிப்புகளையும் அழிப்பது செப்பனிடுதல் ஆகாது.

பழுது எங்கே நிகழ்கிறது என்பதை முதலில் அறிதல் நலம். விண்டோஸ் பொறியில் தொடக்க நிரல், ரிஜிஸ்ட்ரி எனப்படும் பதிவேட்டின் ‘சிஸ்டம்’ பகுதியைப் படிக்கிறது. எந்தெந்த இயக்கிகளை முதலில் ஏற்ற வேண்டும் என்பது அதில் குறிக்கப்பட்டுள்ளது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுபோதல், வட்டின் ஒரு பகுதி கெடுதல், நினைவகம் பழுதாதல் ஆகியவற்றுள் ஒன்றினால் அக்கோப்பு சிதையுமாயின், பொறி மேலே செல்லவியலாது நின்றுவிடுகிறது. பயன்படுத்துவோர் சேமித்த கோப்புகளோ தனியே உள்ளன. வட்டு நல்ல நிலையில் இருப்பின் அவை பெரும்பாலும் ஊறின்றியே இருக்கும்.

இவ்வுண்மையை 2024 ஜூலை 19 அன்று உலகமே கண்டது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட பிழையான ஒரு கோப்பினால், மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 85 இலட்சம் பொறிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகள் வழங்கப்பட்டன. பிழையான கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆயினும், தொடங்கவே இயலாத பல பொறிகளுக்குத் திருத்தம் எட்டவில்லை. ஊழியர்கள் அவற்றை ஒவ்வொன்றாகச் ‘சேஃப் மோட்’ நிலையில் தொடங்கி, அந்த ஒரு கோப்பை நீக்கினர். அதற்கு வட்டை அழிக்க வேண்டியிருக்கவில்லை.

எனவே செப்பனிடுதலுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில், செருகப்பட்டிருக்கும் பென் டிரைவ்களை அகற்றிப் பார்க்க வேண்டும். பொறி அவற்றிலிருந்து தொடங்க முயன்று நின்றிருக்கலாம். வட்டிலிருந்து வழக்கத்திற்கு மாறான ஓசை எழுந்தால் பொறியை உடனே நிறுத்தி, வல்லுநரிடம் ஒப்படைப்பதே முறை. ஓசையில்லையெனில், லினக்ஸ் பதிந்த பென் டிரைவினால் பொறியைத் தொடங்கி, தேவையான கோப்புகளை வேறொரு வட்டிற்குப் படியெடுத்தல் வேண்டும். அதன் பின்னரே ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’, பழைய நிலைக்கு மீட்கும் ‘சிஸ்டம் ரிஸ்டோர்’, சிதைந்த அமைப்புக் கோப்புகளை மாற்றும் எஸ்.எஃப்.சி. கட்டளை ஆகியவற்றை முயலலாம்.

நேரமும் பயிற்சியும் இல்லாத இடத்தில் அழித்து மீண்டும் நிறுவுதலே விரைவானது என்று வாதிப்போர் உண்டு. நச்சுநிரல் ஆழப் புகுந்த பொறிக்கும், பிற முறைகள் யாவும் பயனளிக்காத பொறிக்கும் அது பொருந்தும். ஆனால் அங்கும் படியெடுத்தலே முதற்கடமை. மேலும், கெட்டுவரும் வட்டில் புதிதாக நிறுவிய விண்டோஸும் சில நாட்களில் அவ்வாறே நின்றுவிடும். காரணத்தை ஆராயாத பழுதுநீக்கம் நோயை விட்டு வலியை மட்டும் தணிப்பதை ஒக்கும்.

முன்னேற்பாடு இன்றி இவ்வொழுங்கு கைகூடாது. பதிவேட்டின் படியை விண்டோஸ் தானே ஒரு கோப்புறையில் வைத்துவந்த வழக்கம், 2018இல் வெளிவந்த விண்டோஸ் 10இன் 1803 பதிப்பு முதல் நிறுத்தப்பட்டது. ஆகவே பொறி நன்றாக இயங்கும்போதே மீட்புப் பென் டிரைவ் ஒன்றைத் தயாரித்தல் வேண்டும். பிட்லாக்கர் பூட்டு உள்ள பொறியாயின், அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிப் பாதுகாப்பாக வைத்தல் வேண்டும். அஃதின்றி வட்டிலுள்ளவற்றைப் படிக்க இயலாது. வாரந்தோறும் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்தலும் அலுவலகக் கடமையாகக் கருதப்பட வேண்டும்.

கெட்டுப்போன பொறிக்கு மாற்றுப் பொறி வாங்கலாம். சென்ற ஆண்டின் வயல்களில் மீண்டும் சென்று அளவெடுத்தல் எவராலும் இயலாது. இவ்வேறுபாட்டை ஆசிரியர்கள் மாணவர்க்கு ஒரு பழைய பொறியைக் கொண்டே செய்து காட்டுவார்களாயின், அஃது எந்தப் பாடநூலினும் ஆழமாக மனத்தில் பதியும்.