ஆறு லட்சத்தில் கைக்கு வருவது எவ்வளவு?

திருவனந்தபுரம் ஆரியசாலையில் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, சுமார் 15 கிலோமீட்டரில், 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்தால்தான் அங்கே இடம் என்று பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் மென்பொருளை விற்கவும் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு பி.காம். படித்தவரையும் எடுக்கிறார்கள். அப்பாவின் கடையில் டேலி கணக்கு மென்பொருளில் பில் போட்டு, ஜிஎஸ்டி கணக்கோடு மல்லுக்கட்டிய பையனுக்கு, பில்லிங் மென்பொருள் வாங்குகிற வியாபாரியின் தலைவலி என்னவென்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. தமிழ், மலையாளம் இரண்டிலும் பேரம் பேசுவான். ஆங்கிலத்தில் பிழையில்லாத மின்னஞ்சலும், வாடிக்கையாளர் விவரங்களைப் பதியும் சிஆர்எம் பழக்கமும்தான் அவன் புதிதாகக் கற்க வேண்டியவை. சிஆர்எம் மென்பொருள் நிறுவனங்களான ஹப்ஸ்பாட், சேல்ஸ்ஃபோர்ஸ் இரண்டுமே அதற்கு இலவசப் பாடங்கள் வைத்திருக்கின்றன.

எனக்குக் கவலை தருவது வேலை உத்தரவில் உள்ள சம்பளக் கணக்கு.

ஆண்டுக்கு ஆறு லட்சம் என்று ஒரு கடிதம் வருவதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் மாதம் 50,000 என்று கணக்குப் போட்டு, வண்டிக்குத் தவணைகூடப் பேசிவிடுவார்கள். ஆனால் அந்த ஆறு லட்சத்தில் 30 சதவீதம், அதாவது 1,80,000 ரூபாய், இலக்கை எட்டினால் மட்டுமே வரும் ஊக்கத்தொகையாக இருக்கலாம். மீதி மாதம் 35,000. அடிப்படைச் சம்பளம் அதில் பாதி என்றால், நிறுவனம் கட்டும் 12 சதவீத வருங்கால வைப்பு நிதி 2,100 ரூபாய்; பணிக்கொடைக்கு ஏறத்தாழ 840. பல நிறுவனங்கள் இவ்விரண்டையும் அந்த 35,000-க்குள்ளேயே அடக்கிவிடுகின்றன. ஊழியர் பங்காக இன்னொரு 2,100 பிடித்தம். தொழில் வரிக்கு முன்பே கைக்கு வருவது 30,000-க்குச் சற்றுக் குறைவு. வைப்பு நிதி நம் சேமிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் மாதத் தவணையை அதிலிருந்து கட்ட முடியாது.

2021 செப்டம்பரில் மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் நுழைந்தபோது, அதன் ஊழியர்கள் 500-க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்களானதாகச் செய்தி வந்தது. அது பங்குகளால் வந்த பணம். முதல் வேலைக் கடிதத்தில் அதைத் தேடக் கூடாது.

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் தரகு பேசும்போது மூட்டைக்கு எவ்வளவு என்பதோடு விட மாட்டார்கள். சரக்கு இறங்கியதும் தருவதா, பணம் வசூலான பிறகா என்பதையும் பேசி முடிப்பார்கள். மென்பொருள் விற்கும் வேலையிலும் கேள்வி அதுதான். ஒப்பந்தம் கையெழுத்தானால் ஊக்கத்தொகை வருமா, வாடிக்கையாளர் பணம் கட்டிய பிறகா? அவர் பாதியில் விலகினால் கொடுத்ததைத் திரும்பப் பிடிப்பார்களா? இலக்கில் 60 சதவீதம் முடித்தவருக்கு அதற்குரிய பங்கு உண்டா, ஒன்றுமே இல்லையா? வேலை பழகும் முதல் மூன்று மாதங்களுக்கும் முழு இலக்குதானா? சந்தை அமெரிக்கா என்றால், நியூயார்க்கின் காலை ஒன்பது மணி கோடையில் நமக்கு மாலை ஆறரை. இரவு வீடு திரும்ப வண்டி உண்டா என்பதும் சம்பளக் கேள்விதான். பெண்களுக்கு அது முதல் கேள்வி.

இவற்றை வாய்மொழியாகச் சொன்னால் போதாது. ஊக்கத்தொகை விதிகளின் நகலை வேலை உத்தரவோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவுகளும் விளம்பரப் பலகையில் ஆண்டுத் தொகைக்குப் பக்கத்தில், இலக்கை எட்டாத மாதத்தில் கைக்கு வரும் தொகையை எழுதிவைக்க வேண்டும்.