மழையில் உப்பும் கறுப்புப் பாசி

“அக்கா, மரத்துல கறுப்பு ஜெல்லி மாதிரி ஒட்டியிருக்கு. மரம் செத்துடுமா?” தெப்ராவ் பக்கமிருந்து நேயர் ஒருவர் புலனத்தில் படம் அனுப்பிக் கேட்டார். மரத்துக்கு ஒன்றும் ஆகாது. லைக்கன் பட்டைமேல் குடியிருக்குமே தவிர, மரத்தின் சாற்றை உறிஞ்சாது. பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் லைக்கன்தான்.

லைக்கன் ஒற்றை உயிர் அல்ல. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். ஜெல்லி லைக்கனில் பூஞ்சைக்குத் துணை நாஸ்டாக் என்னும் நீலப்பச்சைப் பாக்டீரியா. காய்ந்தால் கருகிய காகிதம்போல் கிடக்கும். தண்ணீர் தெளித்தால் சற்று நேரத்தில் கொழகொழவென்று உப்பிவிடும். மரக்காதுக் காளானும் அப்படித்தான் உப்பும். ஆனால் அது பெரும்பாலும் பட்ட மரத்தில் முளைப்பது.

இது எந்த இனம் என்பதுதான் தலைவலி. ஈயச்சாம்பலும் நீலமுமாக இருந்தால் லெப்டோஜியமாக இருக்கலாம், கரும்பச்சையாக இருந்தால் கொலிமாவாக இருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்து, மேலே செல்களாலான தோல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் லெப்டோஜியம், இல்லாவிட்டால் கொலிமா. நெடுங்காலம் இந்தக் கணக்குதான் ஓடியது. மரபணுவைப் பார்த்தபோது கணக்கு உதைத்தது: தோல் இருப்பவை எல்லாம் சொந்தக்காரர்கள் அல்ல. ஒட்டாலோரா, யோர்கென்சன், வெடீன் மூவரும் 2014இல் அந்தக் கூட்டுக்குடும்பத்தையே பத்துப் பேரினங்களாகப் பிரித்து வைத்தார்கள். ஊடகவியல் படித்த எனக்கு ஒரு படத்தை வைத்துப் பெயர் சொல்லும் துணிச்சல் இல்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? நாஸ்டாக் கூட்டு வைத்த லைக்கன்கள் கந்தகப் புகையைத் தாங்காதவை. பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்து லைக்கன்களைக் கண்டு, இவை காற்றின் தூய்மையைக் காட்டும் என்று 1866இல் எழுதியவர் நைலாண்டர். (மறுவருடம் ஷ்வென்டனர் ‘லைக்கன் இரண்டு உயிர்களின் கூட்டு’ என்றபோது அதை ஏற்க மறுத்தவரும் இவரே!) நம் பக்கத்துப் பாசிர் கூடாங்கில் 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டிய ரசாயனத்தால் 111 பள்ளிகளை மூடினார்கள். அன்றைய ஆபத்தைச் சொல்லக் கருவி வேண்டும். வருடக்கணக்கில் மெல்லக் கெடும் காற்றைச் சொல்ல மரப்பட்டை போதும், அதில் முன்பு இருந்தது எது, இப்போது இல்லாதது எது என்று யாராவது சரியான பெயரோடு குறித்து வைத்திருந்தால்.

ஆகவே தம்பி, அதைச் சுரண்டி எடுக்காதீர்கள். ஈரத்தில் ஒன்று, காய்ந்தபின் ஒன்று எனப் படமெடுங்கள். என்ன மரம், எந்தச் சாலை, என்ன தேதி என்பதையும் எழுதி வையுங்கள்.