மனதுக்குப் பிடித்த கார் கேட்பது பேராசையா?



இந்த மாதம் கிளிநொச்சிப் பக்கமிருந்து வந்த ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன். எழுதிய சகோதரி 2009இல் கணவரை இழந்தவர். பிள்ளைகள் இருவர். ஒரு தையல் இயந்திரத்தோடு தொடங்கி, இன்று நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு பாடசாலைச் சீருடை தைத்துக் கொடுக்கிறார். சீட்டுக் கட்டியும் வங்கியில் போட்டும் சேர்த்த பணத்தில் ஒரு கார் வாங்கப் போகிறார். துணிக் கட்டுகளை ஏற்ற நல்ல டிக்கி வேண்டும், வயதான தாயாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்கிறார். அதோடு இன்னொன்றும் கேட்கிறார். இத்தனை வருடத்துக்குப் பிறகு தனக்கென்று வாங்கும் முதல் பொருள் இது. ஓட்டும்போது மனதுக்குச் சந்தோஷம் தருகிற காராக இருக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. அண்ணன் அதைக் கேட்டுச் சிரிக்கிறாராம். ஊர் என்ன சொல்லும் என்று தாயார் கலங்குகிறாராம். இது பேராசையா என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, பேராசை இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, காரணத்தோடுதான் சொல்கிறேன்.

நான் இருப்பது இரத்தோட்டையில். கொரோலா 121 ரகக் கார் ஒன்று வைத்திருக்கிறேன். தோட்டத்து நோயாளிகளையும் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளையும் மாத்தளைக்கு ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. இரத்தோட்டையிலிருந்து மேலே ஏறும் வீதி நக்கிள்ஸ் மலைத்தொடரில் ரிவர்ஸ்டன் வழியாக இலுக்கும்புரப் பக்கம் இறங்குகிறது. அந்த வீதியில் வளைவுக்கு மேல் வளைவு. திடீரென்று மூடுபனி வரும், காற்று காரைத் தள்ளும். அங்கே ஒரு கார் ஓட்டுவதற்குச் சுகமாக இருக்கிறது என்றால், அது நாம் சொன்னபடி கேட்கிறது என்று பொருள். ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்குத் திரும்புகிறது, பிரேக்கை மிதித்த அளவுக்கு நிற்கிறது, ஏற்றத்தில் திணறாமல் இழுக்கிறது. பாதுகாப்பைத் தருவதும் இவையேதான். ஓட்டும் சந்தோஷமும் பத்திரமும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

உலகில் முதன்முதலாகக் காரில் நெடுந்தூரம் போனவரே ஒரு பெண்தான். 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற தாய், கணவரிடம் சொல்லாமல் தன் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர் போனார். எரிபொருளை வழியில் ஒரு மருந்துக்கடையில் வாங்கினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். ஏற்றத்தில் பிள்ளைகள் தள்ளினார்கள். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிப்பித்தார். வீடு திரும்பியதும் ஏற்றத்துக்கு இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னவரும் அவரே. ஏற்றத்தில் இழுவை, இறக்கத்தில் பிரேக். அவர் கண்ட அந்த இரண்டையும்தான் கார் பார்க்கப் போகும்போது நாமும் முதலில் பார்க்கவேண்டும்.

எந்தக் கார்?

செடான் என்பது டிக்கி தனியாகப் பின்னால் நீண்டிருக்கும் கார். வானையும் முச்சக்கரவண்டியையும் விடத் தாழ்வாக இருப்பதால் வளைவில் சாய்வது குறைவு. துணிக் கட்டை டிக்கியில் பூட்டி வைக்கலாம்.

நம் நாட்டில் ஓடும் நடுத்தரக் கார்களில் கொரோலா 121, 141, அக்சியோ ஆகியவற்றுக்கு எந்த ஊர் கராஜிலும் கை பழகியிருக்கும். உதிரிப்பாகமும் சுலபம். அலியனும் பிரிமியோவும் மெத்தென்று போகும். தாயாருக்கு இதமான இருக்கை, பெரிய டிக்கி. ஆனால் வளைவில் கொஞ்சம் மந்தமாகத் தோன்றும். ஓட்டும் இன்பம் என்று பார்த்தால் 2006 முதல் 2011 வரை வந்த ஹொண்டா சிவிக்கும் மஸ்டா 3 காரும் முன்னே நிற்கும். அவற்றின் பின் சில்லுகள் தனித்தனியாக அசையும்படி பொருத்தப்பட்டிருப்பதால் வளைவில் வீதியைப் பிடித்துக்கொண்டு போகும். குதிரையும் அதில் ஏறியவரும் ஒரே உடலாக ஓடவேண்டும் என்பதை மஸ்டா நிறுவனம் தன் கொள்கையாகவே சொல்லி வருகிறது. ஆனால் இவை தாழ்வான கார்கள். கிரவல் வீதியில் அடி தட்டும். சில பாகங்களுக்குக் கொழும்புக்கு ஆள் அனுப்பவேண்டி வரும்.

உங்களுக்கு ஏ9 வீதி நேராகவும் சமமாகவும் இருக்கிறது. உள்ளே திரும்பினால் கிரவல், வெயில், குறுக்கே மாடு. ஆகவே ஏற்றத்தில் இழுக்கும் பலத்தைவிட, அடி உயரத்தையும் ஏசி குளிர்வதையும் அதிகம் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள ஒரு கொரோலா, அதுவும் கியர் மாற்றி ஓட்டும் வகை, உங்கள் இரு தேவைகளுக்கும் நடுவில் நிற்கும் என்பது என் எண்ணம்.

இன்னொரு செய்தி. நம்மில் பலர் ஷெல் காயத்தோடு வாழ்கிறவர்கள். ஓட்டோமெற்றிக் கார் ஓட்ட இடது கால் தேவையில்லை. இடது காலில் குறை உள்ளவர்கள் கார் நமக்கில்லை என்று ஒதுங்கவேண்டாம். அனுமதிப்பத்திரத்துக்கான மருத்துவப் பரிசோதனையில் குறையை மறைக்காமல் சொல்லி, என்ன நிபந்தனையோடு தருவார்கள் என்று கேளுங்கள்.

புதிதா, பழையதா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலை ஏறியது. இறக்குமதி திறந்த பிறகும் வரி மிகப் பாரம். ஆகவே புதிய கார் நம் போன்றவர்களின் கைக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறது. பழையதை நன்றாகப் பார்த்து வாங்குவதே வழி. கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பங்கை டயர், பிரேக், பற்றரி, எண்ணெய் மாற்றுதல் என்று ஒதுக்குங்கள். பழைய கார் வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் ஏதாவது கேட்கும்.

பார்க்கும் முறை

காலையில் போங்கள், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகிறது என்று சந்தேகிக்கவேண்டும். கரும்புகை என்றால் பெற்றோல் அளவுக்கு மேல் செலவாகிறது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்த டயர். பூ நன்றாகத் தெரிந்தாலும் வயதான டயர் மழையில் வழுக்கும். மீற்றரில் ஓட்டம் குறைவாகவும் பிரேக் மிதி தேய்ந்து வழவழப்பாகவும் இருந்தால், மீற்றரைத் திருப்பியிருக்கிறார்கள் என்று நினையுங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டில் மண்சரிவையும் பல மாவட்டங்களில் வெள்ளத்தையும் கொண்டுவந்தது. தண்ணீரில் நின்ற வாகனங்கள் கழுவிப் பூசப்பட்டு விற்பனைக்கு வரக்கூடும். ஆசனப் பட்டியை முடிவு வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தெரியும். கால்விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஆசனத்தின் கீழுள்ள இரும்பில் துருவைத் தேடுங்கள்.

பிறகு ஓட்டுங்கள். விற்பவர் காட்டும் வீதியில் அல்ல, நீங்கள் தினமும் போகப்போகும் வீதியில். நேரான இடத்தில் ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடியுங்கள். கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? பின்னால் வாகனம் இல்லாதபோது பிரேக்கை அழுத்துங்கள். ஸ்டியரிங் உதறுகிறதா? பள்ளத்தில் மெல்ல இறக்குங்கள். டக் டக் என்ற சத்தம் வருகிறதா? உயர்ந்த கியரில் அழுத்தும்போது எஞ்சின் மட்டும் இரைந்து கார் நகர மறுத்தால் கிளட்ச் முடிந்துவிட்டது.

வானொலியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் ஓட்டுங்கள். தோள் இறுகாமல் இருக்கிறதா? முன் கண்ணாடியில் வீதி நன்றாகத் தெரிகிறதா? கால் சிரமமின்றி எட்டுகிறதா? இறங்கும்போது இன்னும் கொஞ்சம் ஓட்டலாம் என்று தோன்றுகிறதா? அந்தக் கேள்விக்கு உங்களைத் தவிர வேறு யாரும் பதில் சொல்லமுடியாது.

ஒரு கராஜ் பாஸைக் கூட்டிப் போங்கள். கூலியை நீங்களே கொடுங்கள். விற்பவர் கூட்டிவரும் பாஸ் விற்பவருடைய வாயால்தான் பேசுவார்.

பத்திரமும் பணமும்

வாகனப் பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் சேசி இலக்கமும் காரிலுள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகவேண்டும். லீசிங்கில் உள்ள வாகனம் என்றால், முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருக்கும். கடன் தீர்ந்து அந்தப் பெயர் நீங்காமல் பணம் கொடுக்கவேண்டாம். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

"ஓபன் பேப்பர்" என்று சொல்லிப் பெயர் மாற்றாமல் கைமாற்றும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அதற்கு இணங்கவேண்டாம். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயரிலேயே பதியுங்கள். அண்ணன் பெயரிலோ மகன் பெயரிலோ வேண்டாம். பெயர் எவ்வளவு முக்கியம் என்று நமக்குப் பிறர் சொல்லித் தரத் தேவையில்லை. காணாமற்போன கணவரின் பெயரில் இருந்த மோட்டார் சைக்கிளை விற்கவும் முடியாமல், ஓட்டவும் முடியாமல் முற்றத்தில் துருப்பிடிக்க விட்ட வீடுகள் எத்தனை? மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாமல் தவித்த பெண்கள் எத்தனை பேர்? காணாமற்போனவர் என்றே சான்றிதழ் பெறுவதற்குச் சட்டம் வந்ததே 2016இல்தான். உழைத்து வாங்கும் பொருளில் உங்கள் பெயர் இருக்கட்டும்.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. நுண்கடனால் வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் பட்டதை நாம் அறிவோம். லீசிங்கில் எடுத்தே ஆகவேண்டும் என்றால், வியாபாரம் மிக மோசமாக நடந்த மாதத்தின் வருமானத்தைக் கணக்கெடுங்கள். அந்த மாதத்திலும் கட்டக்கூடிய தவணையா? இல்லையென்றால் ஒரு படி குறைந்த, இன்னும் பழைய காரைப் பாருங்கள். தவணைக்காரன் வாசலுக்கு வருவானோ என்று பயந்து ஓட்டும் கார் எவ்வளவு வேகமாகப் போனாலும் சந்தோஷம் தராது. 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்றோம். அப்படி ஒரு காலம் திரும்ப வந்தாலும் தாங்கும் கணக்காக இருக்கவேண்டும்.

ஊர் என்ன சொல்லும் என்பதற்கும் பதில் எழுதவேண்டும். சவூதி அரேபியாவில் பெண்கள் கார் ஓட்ட அனுமதி கிடைத்தது 2018 ஜூன் 24ஆம் திகதிதான். நம் சகோதரிகள் பலர் வீட்டு வேலைக்குப் போன நாடு அது. நமக்குச் சட்டத்தில் அந்தத் தடை என்றும் இருந்ததில்லை. இருப்பதெல்லாம் வாய்ப்பேச்சு. கணவரை இழந்தவள் சிரிக்கக்கூடாது, நல்லது உடுக்கக்கூடாது, விரும்பியதை வாங்கக்கூடாது என்று சொல்லும் அதே வாய்தான் இதையும் சொல்கிறது. அந்த வாய் உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சோறு போட்டதா? தாயாரை முதல் நாள் முன் ஆசனத்தில் ஏற்றி, இதமாக ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பஸ்ஸில் நின்று களைத்த அவருடைய முழங்கால்கள் உங்கள் பக்கம் பேசும்.

அவசரப்படவேண்டாம். மூன்று கார்களையாவது ஓட்டிப் பாருங்கள். விலையையும் குறைகளையும் கொப்பியில் எழுதி, ஒரு இரவு தூங்கி எழுந்து முடிவு செய்யுங்கள். எதை வாங்கினீர்கள் என்று எழுதுங்கள் தங்கச்சி. வாசிக்கும் மற்றச் சகோதரிகளுக்கும் அது உதவும். மழைக்காலத்தில் வாகனத்தை எப்படிப் பராமரிப்பது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அதை அடுத்த இதழில் பார்ப்போம்.