டிராக்டருக்கு புதுச் செருப்பு!

இந்த வாரம் ஹெல்மெட் வாங்குறது பத்தி எழுதுறதாத்தான் இருந்தேன் ஃப்ரெண்ட்ஸ். ஆனா, தேனி மாவட்டத்துல இருந்து ஒரு பி.எஸ்சி. மாணவி போட்ட கடிதம் ஹெல்மெட்டை ஒரு வாரம் தள்ளி வெச்சிடுச்சு. விஷயம் இதுதான்.

வீட்டுல ஒரு பழைய மினி டிராக்டர். திராட்சைப் பந்தலுக்கு அடியில புகுந்து ஓடுற குட்டி வண்டி. சொந்தத் தோட்டத்தை உழுதது போக, அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கு வாடகைக்கும் போகும். அந்த வாடகைதான் மகளோட செமஸ்டர் ஃபீஸ். இப்போ பின் டயர் ரெண்டும் பக்கவாட்டுல வெடிப்பு விட்டுப்போச்சு. டயர் மாத்தினா ஃபீஸ் கட்டக் காசு இடிக்கும். மாத்தலைன்னா வண்டி நிக்கும், அப்பவும் காசு இடிக்கும். 'பழைய டயர் பாதி விலைக்குக் கிடைக்குது, வாங்கிடலாமானு அப்பா கேட்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?'

தோழி, அப்பாகிட்ட ஒரே ஒரு வரி சொல்லுங்க: விலை குறைஞ்ச டயர் வேற, மலிவான டயர் வேற. எது எதுன்னு கண்டுபிடிக்கிற வேலையை நீங்க எடுத்துக்கோங்க. அதுக்கு மெக்கானிக்கா இருக்கணும்னு அவசியமே இல்லை. டயர் மேல எழுதியிருக்கிறதைப் படிக்கத் தெரிஞ்சா போதும்.

டயருக்கும் பயோடேட்டா உண்டு!

ஈரத்துணியால டயரோட பக்கவாட்டைத் துடைச்சுப் பாருங்க. முழு ஜாதகமும் அங்கேதான் இருக்கு.

8-18னு இருந்தா, டயரோட அகலம் சுமார் 8 அங்குலம், அது உட்காருற ரிம்மோட குறுக்களவு 18 அங்குலம். மினி டிராக்டர்கள்ல பின்பக்கம் அதிகம் பார்க்கிற சைஸ் இது. நடுவுல கோடு போட்டிருந்தா சாதா நைலான் டயர். கோட்டுக்குப் பதிலா 'ஆர்' எழுத்து இருந்தா ரேடியல்.

அடுத்தது பி.ஆர். - அதாவது ப்ளை ரேட்டிங். 6 பி.ஆர்.னா உள்ளே ஆறு அடுக்கு துணி இருக்குன்னு அர்த்தம் இல்லை. எவ்வளவு பாரம் தாங்கும்ங்கிறதுக்கான அளவுகோல் அது. வண்டியோட புத்தகத்துல 6 போட்டிருந்தா 4 வாங்காதீங்க. கடையில விலை குறையறதுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம்.

ஆர்-1, ஆர்-2, ஆர்-3னு ஒரு குறி இருக்கும். பட்டனோட வகை இது. ஆர்-1 சாதாரண உழவுக்கு. ஆர்-2 பட்டன் ரொம்ப ஆழம், சேறும் தண்ணியுமா இருக்கிற வயலுக்கு. ஆர்-3 புல்தரைக்கானது, பட்டன் ஆழமே இருக்காது. திராட்சைத் தோட்டத்துக்கு ஆர்-1 போதும். சேத்து டயரை வாங்கி தார் ரோட்டுல ஓட்டினா பட்டன் சீக்கிரம் கரைஞ்சிடும்.

கடைசியா, முக்கியமான நாலு இலக்கம். பெரும்பாலான டயர்கள்ல இது இருக்கும். உதாரணமா 3524. அப்படின்னா 2024-ம் வருஷத்தோட 35-வது வாரம் பிறந்த டயர்! இதைப் படிக்கத் தெரிஞ்சவங்களை கடைக்காரர் சும்மா 'புது ஸ்டாக்'னு சொல்லி அனுப்பிட முடியாது.

பட்டனைப் பார்த்து ஏமாறாதீங்க

பைக் டயர் ஓடி ஓடி மொட்டையாகித்தான் சாகும். தோட்டத்து டிராக்டர் கதை வேற. வருஷத்துல கொஞ்ச நாள்தான் ஓடும். மீதி நாள் வெயில்ல நிக்கும். அதனால பட்டன் தேயறதுக்கு முன்னாடியே ரப்பர் காய்ஞ்சு வெடிக்குது. வெயிலும் காத்துல இருக்கிற ஓசோனும் சேர்ந்து செய்யிற வேலை இது.

பழைய டயர் வாங்கும்போது இங்கேதான் சறுக்கும். பட்டன் ஜம்முனு இருக்கும், வயசு பன்னிரண்டு ஆகியிருக்கும். அதனால, பட்டனை அப்புறம் பாருங்க. முதல்ல பிறந்த தேதி. ரெண்டாவது, பக்கவாட்டுல வெடிப்பு இருக்கா, வெடிப்புக்குள்ள நூல் தெரியுதா? நூல் தெரிஞ்சா அந்த டயர் வேண்டவே வேண்டாம். மூணாவது, டயருக்கு உள்ளே கையை விட்டுத் தடவுங்க. ஒட்டு, மேடு, அறுந்த நூல் எல்லாம் கைக்குத் தெரியும்.

ரீட்ரெடிங், அதாங்க லாரிக்காரங்க சொல்ற ரீபட்டன், பண்ணலாமே? பண்ணலாம். ஆனா புது பட்டன் ஒட்டுறது மேல்பக்கத்துலதான். பக்கவாட்டுல வெடிச்ச டயருக்கு அது மருந்தே இல்லை. உடம்பு நல்லா இருந்து பட்டன் மட்டும் தேய்ஞ்ச டயருக்குத்தான் ரீட்ரெடிங் லாபம். அப்பவும் உங்க டயரையே கொடுத்து, அதையே திருப்பி வாங்குங்க. தோழியோட டயர்கள் இந்தப் பரீட்சையில ஃபெயில்!

கணக்கு போடலாமா?

ஒரு புது டயரோட அடிப்படை விலை 10,000 ரூபாய்னு சும்மா வெச்சுக்குவோம். முன்னாடி டிராக்டர் டயர், டியூபுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். பில் 11,800 வரும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து அது 5 சதவிகிதமா குறைஞ்சது. இப்போ அதே டயர் 10,500. ஒரு டயருக்கு 1,300 மிச்சம், ரெண்டுக்கு 2,600! அதனால பில்லுல வரி எவ்வளவு போட்டிருக்காங்கன்னு அவசியம் பாருங்க. 'பில் வேணாம், குறைச்சுத் தர்றேன்'னு யாராவது சொன்னா, அந்தக் குறைப்பு இந்த 5 சதவிகிதத்தைத் தாண்டுதான்னு பாருங்க. பில் இல்லைன்னா வாரன்டியும் இல்லை, ஞாபகம் இருக்கட்டும்.

சரி, அந்த 10,500 ரூபாய் டயர் 6 வருஷம் உழைச்சா, வருஷத்துக்கு 1,750 ரூபாய். 5,000 ரூபாய்க்கு வாங்குற பழைய டயர் 2 வருஷம்தான் தாங்கும்னா, வருஷத்துக்கு 2,500 ரூபாய். பாதி விலைன்னு வாங்கினது வருஷக் கணக்குல 750 ரூபாய் அதிகம்! அதுக்கும் மேல, உழவு சீஸன் நடுவுல டயர் போய் வண்டி நின்னா வாடகை வேற போச்சு. அதே பழைய டயர் நாலு வருஷம் தாங்கும்னு வயசும் உடம்பும் சொன்னா, கணக்கு அப்படியே மாறிடும். அதனால பழைய டயர்னாலே ஆகாதுன்னு இல்லை. தேதி தெரியாத பழைய டயர்தான் ஆகாது.

காசை மிச்சம் பண்ண வேற வழி இருக்கு. நாலு டயரையும் ஒண்ணா மாத்தணும்னு அவசியம் இல்லை. பின்னாடி ரெண்டும் ஜோடியா இருக்கணும், அவ்வளவுதான். ஒண்ணு புதுசு, ஒண்ணு மொட்டைன்னு போட்டா, நேரா போகும்போது கூட டிஃபரன்ஷியல் ஓயாம வேலை செய்யும். முன் டயர் நல்லா இருந்தா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்காரங்க மட்டும் கூடுதலா ஒண்ணு கவனிக்கணும். முன் சக்கரமும் பின் சக்கரமும் குறிப்பிட்ட விகிதத்துல சுத்துற மாதிரி கியர் அமைச்சிருப்பாங்க. அதனால சைஸை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. டயர்ல சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுத்து உருட்டி, தரையில டேப் வெச்சு அளந்தா சுற்றளவு கிடைச்சிடும். இதே அளவை ரெண்டு பின் டயருக்கும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

போன்ல கேட்க வேண்டிய ஒரே கேள்வி

மூணு கடைக்கு போன் போடுங்க. மூணு பேர்கிட்டயும் வார்த்தை மாறாம இதையே கேளுங்க: 'அண்ணே, 8-18, 6 பி.ஆர்., ஆர்-1, ஒரு ஜோடி, புது டியூபோட, ஜி.எஸ்.டி. சேர்த்து, மாட்டிக் கொடுத்து, பழைய டயரை எடுத்துக்கிட்டு மொத்தம் எவ்வளவு? எந்த வருஷத்து டயர்?' இப்படிக் கேட்டாத்தான் மூணு விலையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்க முடியும். நாலஞ்சு வருஷமா கடையில தூங்கின டயர்னா, வேற கேளுங்க. இல்லைன்னா விலையை நல்லா இறக்குங்க.

டியூபுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய டியூப் நாளாக நாளாகப் பெருத்திருக்கும். புது டயருக்குள்ள போட்டா மடிஞ்சு, மடிப்புலயே வெடிக்கும். டயருக்குத் தண்ணி ஏத்தி ஓட்டின வண்டின்னா, வால்வு ஓட்டையைச் சுத்தி ரிம் துருப்பிடிச்சிருக்கும். சுரண்டி, பெயின்ட் அடிச்சிட்டு மாட்டச் சொல்லுங்க.

மாட்டும்போது அம்புக்குறியைப் பாருங்க. 'வி' மாதிரி இருக்கிற பட்டனோட முனைதான் முதல்ல மண்ணைத் தொடணும். அப்போதான் சேறு ரெண்டு பக்கமும் வழிஞ்சு வெளியே போகும்.

ஒரு எச்சரிக்கை, இது காசு விஷயம் இல்லை, உயிர் விஷயம். டயரோட விளிம்பு ரிம்முல உட்காரலைன்னு காத்தை ஏத்திக்கிட்டே போகக் கூடாது. 35 பி.எஸ்.ஐ. தாண்டக் கூடாது. அதுக்குள்ள உட்காரலைன்னா காத்தை இறக்கிட்டு, விளிம்புக்கு சோப்புத் தண்ணி தடவி மறுபடி முயற்சி பண்ணணும். பெட்ரோல் ஊத்திப் பத்த வைக்கிற வித்தை எல்லாம் வேண்டவே வேண்டாம். இந்த வேலையை பஞ்சர் கடை அண்ணன்கிட்ட விட்டுட்டு தள்ளி நில்லுங்க. அப்பாவையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க.

துணுக்கு: 1932-ல அமெரிக்காவோட அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி தன்னோட 'மாடல் யு' டிராக்டருக்கு காத்தடைச்ச ரப்பர் டயர் மாட்டுச்சு. அதுவரைக்கும் டிராக்டர்னா இரும்புச் சக்கரம்தான். விவசாயிகளோட கவனத்தை இழுக்க, 1933-ல கார் ரேஸ் வீரர் பார்னி ஓல்ட்ஃபீல்டை ஓட்ட வெச்சாங்க. மணிக்கு 64 மைல் வேகம்! உங்க வண்டியில முயற்சி பண்ணாதீங்க.

புது டயர் வந்ததும், வேலை இல்லாத நாள்ல வண்டியை நிழல்ல நிறுத்துங்க. மரத்தடியோ, ஒரு கீத்துக் கொட்டகையோ போதும். அந்த ஆறு வருஷக் கணக்கு பலிக்கணும்னா இதைவிட மலிவான வழி கிடையாது.

அப்புறம், டிராக்டர் இல்லாத ஃப்ரெண்ட்ஸ்! உங்க பைக் டயர்லயும் அந்த நாலு இலக்கம் இருக்கு. படிச்சிட்டு எழுதுங்க. ஹெல்மெட், அடுத்த வாரம் நிச்சயம்!