வெங்காயம் அறிந்த கைக்கு ஒரு வெள்ளைப் பூ

யாழ்ப்பாணத்துக் கல்யாண மேடைகளில் விறைப்பாக நிற்கும் வெள்ளைக் கிளாடியோலஸ் தண்டுகள் மலைநாட்டுக் குளிரில் விளைந்தவை. அவற்றைப் பார்க்கிறவர்கள் வழக்கமாகச் சொல்வது: "உது எங்கடை வெக்கைக்குச் சரிவராது." நாலடிக்கு வளரும் வகையைப் பொறுத்தவரை அது சரிதான். முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும் குட்டை வகைக்கும் அதே தீர்ப்பை எழுதுவது அவசரம். அதுவும் சின்ன வெங்காயத்தில் கை பழகிய குடாநாட்டில்!

இந்தச் செடியின் இனங்களில் பெரும்பாலானவை தென்னாபிரிக்காவுக்குச் சொந்தம். இலையின் வடிவத்தால், வாளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே பெயராயிற்று. 1823இல் இலண்டன் செல்சியில், கொல்வில் என்பவரின் நாற்றுப் பண்ணையில் இரண்டு தென்னாபிரிக்க இனங்கள் கலந்து பிறந்தது, இன்றைய குட்டைகளுக்கு ஒரு மூதாதை. அந்த வழியில் வந்த வெள்ளைப் பூவுக்கு 'த பிரைட்', அதாவது மணப்பெண் என்று பெயர். அழகிதான், ஆனால் பல மாதம் குளிர் கேட்பாள். குடாநாட்டுக்கு ஏற்ற மருமகள் அல்ல. கோடைக் கலப்பினங்களில் உள்ள சிறுபூக் குட்டைகளைத் தேடுவதே புத்தி. அவை நட்டு ஏறத்தாழ மூன்று மாதத்தில் பூக்கும்.

எப்போது நடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கிழங்குப் பைக்கற்றின் பின்புறம் வசந்தத்தில் நடச் சொல்லும். அதை நம்பிப் பங்குனி, சித்திரையில் நட்டால் முளை வெயிலில் வதங்கும். ஐப்பசி மழையில் நட்டாலோ கிழங்கு பூஞ்சணம் பிடித்து அழுகும். மாரி ஓயும் மார்கழிக் கடைசிதான் தோது, பங்குனியில் பூ. குட்டை வகைதான் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் காற்று. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றும் அதே வாடை, உயர்ந்த செடியைக் கம்பு கட்டினாலும் சாய்த்துவிடும்.

வரம்பிலா, சாடியிலா? இங்கே சாடிதான் நல்லது. சுண்ணாம்புக்கல் மேல் கிடக்கும் மண், அதே கல்லில் ஊறிய கிணற்றுநீர், இரண்டும் சேர்ந்தால் இலை வெளிறும். சாடி என்றால் செம்மண், இலைமக்கு, நன்றாக உக்கிய மாட்டெரு என்று மண்ணை நாமே கூட்டலாம். அடைமழை வந்தால் தூக்கித் தாழ்வாரத்தில் வைக்கலாம். ஓரடி அகலச் சாடிக்கு ஐந்தாறு கிழங்கு, நாலு அங்குல ஆழம். வரம்பில்தான் வேண்டும் என்பவர்கள் வெங்காயப் பாத்தி போல மண்ணை உயர்த்தட்டும். ஆனால் முற்றம் முழுவதையும் சீமெந்தால் மூடிவிடும் புது வீடுகளில் வரம்புக்கு எங்கே இடம்? மழைநீர் நிலத்துக்குள் இறங்கினால்தான் கிணறு ஊறும் என்று தெரிந்தவர்களும் இரண்டடி மண்ணை விட்டுவைக்க மனமில்லாமல் இருப்பது விந்தைதான்.

வெங்காயச் செய்கைக்காரருக்கு மீதி எல்லாம் பழகிய வேலை. இலையைச் சுரண்டி வெள்ளிக் கோடு இழுக்கும் பனிப்பூச்சியை அவர்கள் நன்றாக அறிவார்கள். பூ முடிந்து இலை பழுத்ததும் கிளப்பிப் பார்த்தால், நட்ட கிழங்கு சுருங்கிக் காய்ந்திருக்கும். அதன் தலைமேல் புதுக் கிழங்கு பருத்து உட்கார்ந்திருக்கும். அடியைச் சுற்றிப் பயறளவுக் குஞ்சுகள். இலையை நறுக்கி, விதை வெங்காயத்தைப் போல நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும்.

ஒரே வித்தியாசம், இது வெக்கையில் விழிக்க மறுக்கும். உறக்கம் கலைய இரண்டு மூன்று மாதக் குளிர் வேண்டும். ஐப்பசி பிறந்ததும் கடதாசிப் பையில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் மரக்கறித் தட்டில் வைக்கலாம். பையின் மேல் பெரிய எழுத்தில் 'பூக்கிழங்கு' என்று எழுதுவது அவசியம். இல்லாவிட்டால் ஒருநாள் அவசரத்தில் அது சொதிக்குள் போய்விடும்.